ஒட்டுசுட்டானில் கொம்பு ஓணானா?

வாசகர் கேள்வி, 2023 செப்டெம்பர் 14
"எங்கள் வளவுக்குப் பின்னால் நிற்கும் பாலை மரத்தில் இன்று காலை ஓர் ஓணானைக் கண்டேன். மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது. நுவரெலியாப் பக்கம் இருக்கும் கொம்பு ஓணான் இதுதானே? அப்படியானால் வன்னியிலும் அது உண்டு என்று எழுதலாமா? படம் எடுப்பதற்குள் மரத்தின் மறுபக்கம் போய்விட்டது. – ஒட்டுசுட்டான்"

செப்டெம்பர் 14, இரவு

எழுத வேண்டாம். கொம்பு ஓணான் குளிர் மலையின் பிராணி. ஏறக்குறைய 1,200 மீற்றருக்கு மேலே, முகில் வந்து மோதும் காடுகளில், பாசி படர்ந்த மரங்களில் வாழ்வது. ஒட்டுசுட்டான் கடல் மட்டத்திலிருந்து சில பத்து மீற்றர் உயரம். ஒதியமலை, குருந்தூர்மலை என்று நம்மிடமும் பெயரில் மலைகள் உண்டு. மூச்சு வாங்கத் தொடங்கும் முன்பே உச்சி வந்துவிடும். அந்த ஓணானுக்கு வேண்டிய முகிலும் ஈரமும் அங்கே கிடையாது.

நுவரெலியாவிலிருந்து கிளிநொச்சிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் லொறியைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். கரட், லீக்ஸ், கோவா. இரவு முழுவதும் இறக்கத்தில் வரும் வழியில் ஒவ்வொரு சட்டையாகக் கழற்ற வேண்டியிருக்கும். தம்புள்ளையைத் தாண்டினால் கண்ணாடியைத் திறந்தே ஆகவேண்டும். கொம்பு ஓணான் அந்த வழியில் பாதி தூரம்கூட உயிரோடு வராது.

செப்டெம்பர் 15

நேற்று அவசரத்தில் எழுதினேன். அந்தப் பிராணியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. அதைக் கண்டவன் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

முதன்முதலாக நான் கண்டது ஹோர்ட்டன் சமவெளியில். பட்டிப்பொலவில் லொறிக்குச் சரக்குத் தயாராக மாலையாகும் என்றார்கள். மேலே போகும் வான் ஒன்றில் ஏறிவிட்டேன். நுழைவாயிலில் பொலித்தீன் பைகளை வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். நடைபாதையோரம் ஒரு மரம், தண்டு முழுவதும் பச்சைக் கம்பளம் போர்த்தியது போலப் பாசி. அந்தப் பாசியில் ஒரு பகுதி கண் சிமிட்டியது. அப்போதுதான் அது ஓணான் என்று தெரிந்தது.

நம்முடைய வேலி ஓணான் ஆளைக் கண்டால் தலையை மேலும் கீழும் ஆட்டும், இரண்டு நொடியில் கதிகாலின் மறுபக்கம் போய்விடும். இது போகவில்லை. அசைவதில் அதற்கு அவசரமே இல்லை. முகத்தின் முன்னே சுண்ணாம்புக் கட்டியைச் சீவி ஒட்டியது போல ஒரு வெள்ளைக் கொம்பு. ஓர் இலையைப் பக்கத்தில் கொண்டுபோனேன். (செய்திருக்கக் கூடாது, இனிச் செய்ய மாட்டேன்.) வாயை அகலத் திறந்து காட்டியது. உள்ளே கடும் செம்மஞ்சள். கடிக்கவில்லை, ஓடவில்லை. திறந்த வாயோடு அப்படியே இருந்தது. நான் நான்கு அடி பின்வாங்கினேன்.

கொம்புக்குள்ளே எலும்பு இல்லை. மூக்கு நுனியில் இருக்கும் செதில் ஒன்று நீண்டு வளர்ந்ததுதான் அது. ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சிறிது, அல்லது இல்லவே இல்லை. குஞ்சு பொரிக்கும்போது ஒரு புள்ளி அளவுதான் இருக்கும்.

விஞ்ஞானப் பெயர் செரட்டோஃபோரா ஸ்டொடார்ட்டி. கொம்பு சுமப்பது என்ற பொருளில் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்தது முதற்பெயர். சிங்களத்தில் அங் கட்டுஸ்ஸா என்பார்கள். 'அங்' என்றாலும் கொம்புதான். இந்தப் பேரினத்தில் ஐந்து இனங்கள் உண்டு. ஐந்துமே இலங்கையில் மட்டும்தான், உலகில் வேறெங்கும் இல்லை. இவற்றுக்குக் காது கேட்காது.

செப்டெம்பர் 16

இரண்டு திருத்தங்கள். இரண்டையும் சுட்டிக்காட்டியவர் நெடுங்கேணியில் உயிரியல் படிப்பிக்கும் அக்கா.

ஒன்று: இனங்கள் ஐந்து அல்ல, ஆறு. ஆறாவதை 2020இல் விவரித்திருக்கிறார்கள். நான் படித்தது பழைய கணக்கு. 1998இல் இரண்டு புதிய இனங்கள் சேர்ந்தபோது ஐந்தானது; நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

இரண்டு: காது கேட்காது என்று எழுதியது தவறு. நம் வேலி ஓணானின் கண்ணுக்குப் பின்னால் வட்டமாக, தோல் மெல்லிதாக இழுத்துக் கட்டிய உடுக்கு முகம் போல ஒன்று தெரியும். அது செவிப்பறை. கொம்பு ஓணானில் அந்த இடம் தோலாலும் செதிலாலும் மூடியிருக்கும், வெளியே தெரியாது. வெளியே தெரியாததால் அது செவிடு என்று முடிவுகட்ட எனக்கு எந்த உரிமையும் இல்லை. வரியை அழிக்காமல் விடுகிறேன், திருத்தம் எதற்கு என்று படிப்பவர்களுக்குப் புரிய வேண்டும்.

அக்கா இன்னொன்றையும் சொன்னார், எனக்கு அது புதிது. ஆறு இனத்துக்கும் ஒரே மாதிரிக் கொம்பு இல்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரில் இருப்பதற்கு மூக்கில் இலை வடிவத்தில், பல செதில்கள் சேர்ந்த சதை மடல். சிங்கராஜ வனத்தின் கிழக்கே மலைப்பகுதியில் இருக்கும் இரண்டுக்குக் கொம்பு பெயரளவுக்குத்தான். தாழ்நிலத்து மழைக்காட்டில் சருகுக்குள் வாழும் சிறிய இனமும் ஒன்று உண்டு. ஒவ்வொரு மலைக்கும் அதனதன் ஓணான். இடையில் இருக்கும் பள்ளத்தாக்கு நமக்கு லொறியில் இரண்டு மணி நேரம். அவற்றுக்கு அது கடல்.

செப்டெம்பர் 19

மூன்று நாட்களாக ஒன்று மனதை அறுக்கிறது. ஒட்டுசுட்டான் தம்பிக்கு நான் "எழுத வேண்டாம்" என்று ஒரே வெட்டாக வெட்டியது சரியா?

எங்கள் அம்மாயி அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு கையில் இருந்ததைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்தார். பாரதிபுரத்தில் காடு வெட்டிக் கச்சான் போட்டவர்களில் அவரும் ஒருவர். முதல் ஆண்டு இந்த வெயிலில் தோல் உரிந்து உரிந்து வந்ததாம். "அங்கே சாக்கைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போனேன், இங்கே நனைத்துப் போர்த்திக்கொண்டேன்" என்பார்.

கச்சானுக்குக் களை பிடுங்கும்போது எங்களுக்கு மலைக் கதை சொல்வார். மூக்கில் கொம்பு வைத்த ஓணான் தோட்டத்து எல்லைக் காட்டில் இருந்தது என்றார். நம்பினோம். இன்னொன்றும் சொன்னார்: "அங்கே ஒரு குட்டி ஓணான் உண்டு, விரல் தடிப்பு, வாலால் கொப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும். அது முட்டை போடாது. குட்டி போடும். என் கண்ணால் பார்த்தேன், நாலைந்து குட்டிகள்." நாங்கள் பேரப்பிள்ளைகள் எல்லோரும் சிரித்தோம். பள்ளிக்கூடத்தில் ஊர்வன முட்டையிடும் என்று படித்திருந்தோமே. "ஓணான் பால் கொடுக்குமா அம்மாயி?" என்று கேட்டவன் நான்தான். அவர் கோபிக்கவில்லை. களையைப் பிடுங்கிக்கொண்டே, "நான் பார்த்ததைச் சொன்னேன்" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அந்த ஓணான் உண்மை. பெயர் கோஃபோட்டிஸ் சிலானிக்கா. 1861இலேயே விஞ்ஞானத்துக்குத் தெரிந்தது. ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா, பிதுருதலாகல என்று உயர்ந்த குளிர் காடுகளில் வாழ்கிறது. வாலால் கொப்பைப் பற்றிக்கொள்ளும். குட்டிதான் போடும். நக்கிள்ஸில் இருக்கும் அதன் உறவினத்தை 2006இல் தனி இனமாகப் பிரித்தார்கள். அதுவும் குட்டி போடுவதுதான். குளிர்ந்த மண்ணில் முட்டை மெதுவாகத்தான் வளரும். வயிற்றுக்குள் வைத்துக்கொண்டால் தாய் வெயில் தேடிப்போய்க் குளிர்காயலாம், முட்டைக்கும் சூடு கிடைக்கும். உலகத்தில் குளிர் நாட்டு, குளிர் மலைப் பல்லி வகைகள் பலவற்றில் இந்த வழக்கம் இருக்கிறது. ஆனால் அதே மலையில், அதே குளிரில், கொம்பு ஓணான் மண்ணைத் தோண்டி முட்டைதான் புதைக்கிறது. இரண்டு வழியும் பக்கத்துப் பக்கத்து மரத்தில் நடக்கிறது.

இதை நான் தெரிந்துகொண்டபோது அம்மாயி இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

செப்டெம்பர் 20

ஆகவே ஒட்டுசுட்டான் தம்பி, நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. மூக்கில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அது என்ன என்பதுதான் கேள்வி. மறுபடி தென்பட்டால் பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். கொம்பை மட்டும் எடுக்காமல் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பகுதியும் சேர்ந்து தெரிய வேண்டும். பிடிக்க வேண்டாம். பிள்ளைகளைக் கல் எறிய விடவும் வேண்டாம்.

செப்டெம்பர் 22

கல் எறிவதைப் பற்றிச் சொன்னதும் மூன்று பேர் அதே கதையை அனுப்பிவிட்டார்கள். தாகம் என்று கேட்ட இராமருக்கு அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் சிறுநீர் கொடுத்ததாம், அதனால் ஓணானை அடிக்கலாமாம். நானும் சிறுவயதில் ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்தவன். எத்தனை ஓணான்கள் என்று இப்போது எண்ண விரும்பவில்லை. ஆண் ஓணானின் கழுத்துச் சிவப்பதைக் கண்டு, தூரத்திலிருந்தே நம் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பயந்ததும் உண்டு. பெண்ணைக் கவரவும் மற்ற ஆணை விரட்டவும் வரும் நிறம் அது. பயத்துக்கும் கதைக்கும் அந்தப் பிராணி எந்த விதத்திலும் பொறுப்பில்லை.

முழங்காவில் ஐயா ஒருவர் கேட்கிறார்: பச்சோந்தியும் இதுவும் ஒன்றா? இல்லை. பச்சோந்திக்குக் கால் விரல்கள் இரண்டு கட்டாகச் சேர்ந்து கிடுக்கி போலிருக்கும், இரண்டு கண்களும் தனித்தனியே சுழலும். ஓணான்கள் வேறு குடும்பம். பச்சையாக இருக்கும் தோட்டத்து ஓணானையும் நம் ஆட்கள் பச்சோந்தி என்பதால்தான் இந்தக் குழப்பம்.

செப்டெம்பர் 27

நேற்று மேலே போய் வந்தேன். சரக்கு அம்பேவெலவில். மீண்டும் சமவெளிக்குப் போக நேரம் கிடைக்கவில்லை, ஆனால் பாதையோரத்தில் மஞ்சள் பூப் பூக்கும் முட்புதரில் கறுத்த கன்னத்து ஓணான் ஒன்றைக் கண்டேன். நம் வேலி ஓணானுக்கு நெருங்கிய சொந்தம், கலோட்டிஸ் நிக்ரிலாப்ரிஸ். பச்சை உடம்பு, கன்னத்தில் கரி பூசியது போலக் கறுப்பு. அந்த முட்செடி வெள்ளைக்காரர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது, இப்போது புல்வெளியைப் பிடித்துக்கொண்டு போகிறது. அதை அகற்ற வேண்டும் என்று பாடுபடுகிறார்கள். ஓணானோ அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. முள்ளுக்குள் பருந்தின் காலும் காகத்தின் அலகும் இலகுவில் நுழையாது. வந்தேறிச் செடி உள்ளூர் ஓணானுக்கு வீடாகியிருக்கிறது. எது நல்லது, எது கெட்டது என்று அந்தப் புதரின் முன்னால் நின்று என்னால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

பயணிகள் போடும் சாப்பாட்டுக் குப்பையைத் தேடிக் காகங்கள் அங்கே கூடுகின்றன. குப்பை கிடைக்காத நேரத்தில் அவை பார்க்கும் இரை மெதுவாக அசையும் ஓணான். மேலே போகிறவர்கள் சோற்றுப் பொதியின் மிச்சத்தைக் கையோடு கொண்டு வாருங்கள்.

ஒக்டோபர் 3

மாங்குளத்திலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "ஒட்டுசுட்டானில் இருந்தால் நல்லதுதானே? அழியும் பிராணி இன்னோர் இடத்திலும் இருக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டும். ஏன் இவ்வளவு மறுப்பு?"

நல்ல கேள்வி. என் மறுப்புக்குக் காரணம் இதுதான். வன்னியிலும் உண்டு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது பரவும். பிறகு மேலே ஒரு காட்டுத் துண்டு அழியும்போது, "பரவாயில்லை, கீழேயும் இருக்கிறதே" என்று சொல்ல ஒரு வாய் கிடைத்துவிடும். கீழே இல்லை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை. அங்கே சூடு கூடினால் ஓணான் இன்னும் மேலே ஏற வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியே 2,100 மீற்றருக்கு மேலே. கிரிகல்பொத்தச் சிகரம் ஏறக்குறைய 2,390 மீற்றர். பிதுருதலாகல 2,524, இலங்கையில் அதற்கு மேல் வானம்தான். சமவெளியின் காட்டில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போகும் நோக்காடும் பல ஆண்டுகளாக நடக்கிறது. காட்டுத் துண்டுகளைச் சுற்றி நான் ஏற்றி வரும் கரட்டும் லீக்ஸும் விளைகின்றன, அவற்றுக்கு மருந்து அடிக்கிறார்கள். அந்தச் சரக்கில் என் சோறும் இருக்கிறது; அதனால்தான் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

எங்கள் குடும்பம் மலையிலிருந்து இறங்கி வந்து இந்த மண்ணில் பிழைத்தது. நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு பிழைத்தது. அந்த ஓணானுக்கு அது முடியாது.

சட்டப் பாதுகாப்பைக் கேட்டவருக்கு: உள்நாட்டில் பிடிப்பது குற்றம். வெளிநாட்டில் வீட்டில் வளர்ப்பதற்காகக் கடத்துகிறார்கள், பயணிகளாக வந்து பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போகப் பார்த்தவர்கள் பிடிபட்டதுண்டு. 2019இல் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு கொழும்பில் நடப்பதாக இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாறியது. அங்கே இலங்கை முன்வைத்ததை ஏற்று இந்த மலை ஓணான்களைப் பட்டியலில் சேர்த்தார்கள். குட்டி போடும் இரண்டும் மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதலாம் பட்டியலில். நம் கதாநாயகன் கொம்பு ஓணான் அதற்கு அடுத்த படியான இரண்டாம் பட்டியலில்.

ஒக்டோபர் 8

படம் வந்துவிட்டது!

அன்று தம்பி கைபேசியை எடுக்க ஓடியபோது அவருடைய தங்கச்சி தன்னுடையதில் ஒன்று எடுத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை என்று சொல்லாமல் இருந்தாராம். கொஞ்சம் மங்கல், ஆனால் பக்கவாட்டில். நான் கேட்டதைவிட நன்றாகவே எடுத்திருக்கிறார். லொறியைப் புளியங்குளத்தில் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

மூக்கில் வெள்ளைக் கொம்பு இருக்கிறது. தம்பி சொன்னது முழுக்க உண்மை.

கண்ணுக்குப் பின்னால் வட்டமான செவிப்பறையும் தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே இரண்டு சிறு முட்கள், ஒன்றையொன்று விலகி. இது நம் வேலி ஓணான், கலோட்டிஸ் வெர்சிகோலர். அப்படியானால் கொம்பு? அதன் நுனி கிழிந்திருக்கிறது, வெயில் அதனூடாகத் தெரிகிறது, அடியில் சுருண்டிருக்கிறது. விலாவிலும் அதே வெள்ளைத் துணுக்குகள். தோல் உரிக்கிறது. பாம்பு போல ஒரே சட்டையாகக் கழற்றாமல் ஓணான் துண்டு துண்டாக உரிக்கும். மூக்கின் துண்டு கழன்று விழாமல் நிமிர்ந்து நின்றிருக்கிறது.

நெடுங்கேணி அக்காவுக்கும் அனுப்பினேன். "செவிப்பறையைப் பார்த்தவுடனே முடிந்தது" என்று ஒரே வரியில் பதில்.

ஒக்டோபர் 9

தம்பி மனம் வாடிவிட்டார் போலிருக்கிறது. "வீணாக உங்கள் நேரத்தைக் கெடுத்துவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார். வீண் இல்லை. ஒரு பாலை மரத்தில் ஒரு காலை வேளையில் ஓணானின் மூக்கை உற்றுப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? போருக்குப் பிறகு 2010இல் நாங்கள் மீண்டும் வந்து குடியேறியபோது வளவில் வேலியே இல்லை. ஒரு சீமெந்துத் தூணும் முறுக்கிய முட்கம்பியும்தான். அந்தத் தூணின் மேல் ஓர் ஓணான் இருந்து தலையாட்டியது. 'வேலிக்கு ஓணான் சாட்சி' என்பார்கள், வேலி போன பிறகும் அது அங்கே நின்றது. அன்று அம்மாவிடம் அதைக் காட்டினேன். அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கச்சியிடம் சொல்லுங்கள்: படத்தை அழிக்க வேண்டாம்.

ஒக்டோபர் 24

மழை தொடங்கிவிட்டது. தம்பியிடமிருந்து புதுச் செய்தி: வாய்க்கால் கரையில் பெண் ஓணான் ஒன்று முன்காலால் குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணை மூடித் தலையால் இடித்து இறுக்கிவிட்டுப் போனதைத் தங்கச்சி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்திருக்கிறார். கோழி கிண்டாமல் சுற்றி நான்கு தடி நட்டிருக்கிறார்களாம். தடி போதாது, மேலே முள்ளும் போடுங்கள். தண்ணீர் தேங்கினால் முட்டை அழுகிவிடும். சின்னதாக ஒரு வடிகால் வெட்டிவிடுங்கள். ஆனால் குழியைத் திறந்து எண்ண வேண்டாம்.

டிசம்பர் 6

ஆறு வாரத்துக்குக் கொஞ்சம் கூட. நேற்று மாலை பொரித்துவிட்டன. தங்கச்சி எண்ணியது ஒன்பது. தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பெரிது, மண் நிறம். வெளியே வந்த சில நிமிடத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாக ஓடி முள்ளுக்குள் மறைந்துவிட்டதாம். ஒன்று மட்டும் நட்ட தடியில் ஏறி நுனியில் நின்றதாம். இந்த முறை ஏழு படங்கள் எடுத்திருக்கிறார், எல்லாம் பக்கவாட்டில்.